ஹோட்டல் கவுன்டரிலிருந்து மேயர் நாற்காலிக்கு: டார்வினின் அலெக் ஃபோங் லிம்

ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணே, ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் டியூட்டி மேனேஜராக இருக்கிறேன். ஒன்பது வருடம் ஆயிற்று. ‘ரூம் சாவி கொடுக்கிற வேலையில என்ன இருக்கு, ஊருக்கு உபயோகமா ஏதாவது செய்’ என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஹோட்டலில் வேலை பார்த்த யாராவது ஒரு நகரத்துக்கு மேயராகி இருக்கிறார்களா? நிஜமாக நடந்ததைச் சொல்லுங்கள்."

நடந்திருக்கிறது தம்பி. அதுவும் ரொம்பத் தூரத்தில் இல்லை. சாங்கியில் விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்தில் டார்வினில் இறங்கிவிடலாம். ஆஸ்திரேலியாவின் வட முனையில், வடக்குப் பிரதேசத்தின் தலைநகரமாக இருக்கும் அந்த ஊருக்கு 1984 முதல் 1990 வரை லார்டு மேயராக (பெரிய நகரங்களின் மேயருக்குத் தரும் பட்டம்) இருந்தவர் அலெக் ஃபோங் லிம். சீன வம்சாவளி. குடும்பம் வாங்கிய ஹோட்டலில் கவுன்டருக்குப் பின்னால் நின்று ஆளானவர். ஆஸ்திரேலியத் தலைநகரம் ஒன்றுக்கு லார்டு மேயராக வந்த முதல் சீன வம்சாவளிக்காரர் அவர்தான்.

நானும் இருபத்தாறு வருடம் சிங்கப்பூர் ஹோட்டல்களில் காலம் தள்ளியவன். லிம் எனக்கு உறவுமில்லை, பழக்கமுமில்லை. ஆனாலும் அவர் கதையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நம் தொழிலைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் "ஹோட்டல்" என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் தாத்தா காலத்தில் ஊரில் "ஹோட்டல்ல வேலை" என்றால் இட்லி, தோசை, சர்வர், கல்லாப்பெட்டி. சிங்கப்பூரில் ஹோட்டல் என்றால் தங்குமிடம். சாப்பாட்டுக்குப் போகிற இடம் உணவகம் அல்லது கடை. ஆஸ்திரேலியாவின் பழைய ஊர்களில் ஹோட்டல் என்றால் மூன்றாவது ஒரு அர்த்தம். கீழே மதுக்கூடம், மாடியில் சில படுக்கை அறைகள், பின்கட்டில் சமையல். மது விற்க உரிமம் வேண்டுமென்றால் வழிப்போக்கருக்குத் தங்க அறையும் வைத்திருக்க வேண்டும் என்று அந்தக் காலச் சட்டம் சொன்னது. அதனால் மதுக்கூடம் ஒவ்வொன்றும் ஹோட்டல் என்ற பெயர்ப்பலகையோடு நின்றது. இன்றும் அந்த நாட்டில் பல பார்களின் வாசலில் ஹோட்டல் என்றுதான் எழுதியிருக்கும்.

அப்படிப்பட்ட இடத்தை நடத்துகிறவருக்கு நம்மைப் போல ஃபிரண்ட் ஆபீஸ் தனி, உணவு தனி, ஹவுஸ்கீப்பிங் தனி என்ற பிரிவெல்லாம் கிடையாது. கிளாஸ் கழுவுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை எல்லாம் அவர் தலையில். யாருக்குக் கடன் சொல்லலாம், யாரை இன்றைக்கு இதோடு போதும் என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டும், யார் மனைவிக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போயிருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வெயிலும் தூசியும் தவிர வேறொன்றும் அதிகம் இல்லாத ஊரில் ஜனங்கள் கூடுகிற கூடம் அதுதான்.

டார்வினுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு பழையது. 1872-ல் ஆஸ்திரேலியாவின் குறுக்கே தந்திக் கம்பி போட்டு முடித்தபோது, லண்டன் செய்தி சிங்கப்பூர், ஜாவா வழியாகக் கடலடிக் கம்பியில் டார்வின் போய்த்தான் அடிலெய்டுக்கு இறங்கியது. அடுத்த இரண்டு வருடத்தில் சிங்கப்பூரிலிருந்து ஆட்களும் போனார்கள். அங்கே தங்கம் கண்டெடுத்திருந்தார்கள். வெட்ட ஆள் இல்லை. வடக்குப் பிரதேசத்தில் அதிகாரியாக இருந்த பிளூம்ஃபீல்டு டக்ளஸ் என்பவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பி ஆள் பிடிக்கச் சொன்னார்கள். 1874-ல் ஏறக்குறைய 200 பேர், பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள், இங்கிருந்து கப்பலேறி டார்வின் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே சீனச் சமூகம் பெரிதாக வளர்ந்ததற்குத் தொடக்கம் அந்தக் கப்பல். இந்த டக்ளஸ்தான் பின்னாளில் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (சுல்தானுக்கு ஆலோசகராக வைத்த பிரிட்டிஷ் அதிகாரி) ஆனவர்; 1880-ல் தலைநகரத்தைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றியதும் அவர் காலத்தில்தான். நம் வட்டாரத்து வரலாறு இப்படித்தான், ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மூன்று ஊர் கூடவே வரும்.

1880-களின் கடைசியில் டார்வினிலிருந்து பைன் கிரீக் வரை ரயில் பாதை போட்டார்கள். தண்டவாளம் பதித்தவர்கள் சுமார் 3,000 சீனத் தொழிலாளர்கள். காடு வெட்டி மண் கொத்திய கூட்டத்தில் இலங்கையிலிருந்து போன சிங்களவர்களும் இந்தியர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில் வடக்குப் பிரதேசத்தில் வெள்ளையரைவிடச் சீனர்கள் பல மடங்கு அதிகம். அதுவே அவர்களுக்கு வினையானது. 1888-ல் சீனர் வருகைக்குக் கட்டுப்பாடு வந்தது. 1901-ல் குடியேற்றத் தடைச் சட்டம். அதன் ஆயுதம் ஒரு டிக்டேஷன் தேர்வு: ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் படிப்பார்கள், வந்து இறங்குகிறவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். வேண்டாதவர் தேற முடியாதபடி அமைத்த தேர்வு. 1958 வரை அது சட்டத்தில் இருந்தது.

சட்டம் இப்படி இருக்கையில்தான் 1931-ல், டார்வினுக்குத் தெற்கே 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கேத்தரின் என்ற சின்ன ஊரில் அலெக் ஃபோங் லிம் பிறந்தார். பிறப்பால் அந்த மண்ணுக்காரர். ஆனால் அவர் தாய் தகப்பனின் உறவினர் ஒருவர் புதிதாக வந்து குடியேற வேண்டுமென்றால் நாட்டின் கதவு மூடியிருந்தது. குடும்பம் டார்வினுக்கு வந்து கடை வைத்துப் பிழைத்தது.

அப்புறம் போர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த தேதி. நாலே நாள் கழித்து, பிப்ரவரி 19-ல் டார்வின் மேல் குண்டு விழுந்தது. இரண்டு தாக்குதல், ஒரே நாளில். 230-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அதற்கு முன்பே தெற்கே அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். சிறுவன் அலெக்கின் படிப்பு டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், அடிலெய்டு என்று மூன்று ஊராகச் சிதறியது.

குண்டைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகு விழுந்தது. கேவனா தெருவில் இருந்த டார்வினின் சீனக் குடியிருப்பு, வரிசை வரிசையாகத் தகரக் கூரைக் கடைகள், போர்க்காலத்தில் ராணுவத்தின் கைக்குப் போய் இடிபட்டது. போர் முடிந்ததும் நிலத்தை அரசாங்கமே சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. திரும்பி வந்த குடும்பங்களுக்குப் பழைய கடையும் இல்லை, கடை இருந்த மனையும் இல்லை. இரண்டு மூன்று தலைமுறை உழைப்பு ஒரு கையெழுத்தில் போய்விட்டது.

லிம் குடும்பம் எடுத்த முடிவு இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1946-ல் அவர்கள் டார்வினுக்குத் திரும்பி, ஸ்மித் தெருவில் இருந்த விக்டோரியா ஹோட்டலை வாங்கினார்கள். சீனத் தெரு போய்விட்டதே என்று ஊர் ஓரத்தில் ஒரு மளிகைக்கடை போடாமல், ஊரின் நட்ட நடுவில், எல்லோரும் வந்து உட்காருகிற இடத்தையே வாங்கிவிட்டார்கள்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் டார்வினுக்குப் போனபோது அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். 1890-ல் எலன் ரயன் என்ற பெண்மணி கட்டியது. முதலில் நார்த் ஆஸ்திரேலியன் ஹோட்டல் என்று பெயர், பிறகுதான் விக்டோரியா. ஊர்க்காரர்களுக்குச் சுருக்கமாக "விக்". அந்தப் பக்கத்திலேயே வெட்டி எடுத்த போர்ஸலனைட் என்ற கல். ஒரு கல் வெளிர் மஞ்சள், பக்கத்துக் கல் செம்மண் நிறம், இன்னொன்றில் ஊதாச் சாயல். செதுக்கி ஒழுங்கு செய்யாமல் கிடைத்தபடி அடுக்கி இடையில் சாந்து பூசியிருக்கிறார்கள். உள்ளங்கையை வைத்தால் பகல் வெயில் அத்தனையும் கல்லுக்குள் இருக்கிறது. 1897 புயலில் ஊரே விழுந்தபோது இது தாங்கியது. 1937 புயல், 1942 குண்டு, 1974 கிறிஸ்துமஸ் அன்று ஊரைத் துடைத்துப் போட்ட டிரேசி புயல், எல்லாவற்றிலும் கூரை போனதுண்டு, சுவர் போகவில்லை.

இன்னொரு விஷயம் நம்மூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 1919-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் விமானம் ஓட்டிப் போன ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் வழியில் டிசம்பர் 4 அன்று சிங்கப்பூரில் இறங்கினார்கள். விமான நிலையம் ஏது? ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில்தான் இறங்கினார்கள். நாம் தீபாவளிக்குச் சாமான் வாங்க நடக்கிற சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கிளம்பி டிசம்பர் 10-ல் டார்வினில் தரை தொட்டார்கள். அதற்குப் பிறகு பல வருடம் ஐரோப்பாவிலிருந்து பறந்து வந்த பெரும்பாலான விமானிகளுக்கு ஆஸ்திரேலியாவின் முதல் வாசல் டார்வின்தான்.

சரி, ஹோட்டலுக்கு வருவோம். பதினைந்து வயதுப் பையனாக அந்த இடத்துக்குள் வந்த அலெக், படிப்பு முடித்து வந்தபின் குடும்பத்தோடு சேர்ந்து அதை நடத்தினார். 1960-களின் நடுப்பகுதி வரை விக் அவர்கள் கையில் இருந்தது. அந்த இருபது வருடத்தில் டார்வினுக்கு வந்து போன மாட்டுப் பண்ணைக்காரர்கள், முத்துக் குளிக்கும் படகுக்காரர்கள், அரசாங்கக் குமாஸ்தாக்கள், ராணுவத்தினர், சுரங்கக்காரர்கள், கிரேக்கக் கட்டடத் தொழிலாளிகள் என்று எல்லா வகை மனிதர்களும் அந்தக் கவுன்டரில் கை ஊன்றியிருப்பார்கள். சில வருடம் முன்பு தங்கள் தெருவைப் பறித்த ஊருக்கு முன்னால் நின்று, "என்ன வேண்டும்?" என்று கேட்டுப் பரிமாறுவதற்கு ஒரு திடமான மனசு வேண்டும் தம்பி.

ஆனால் அந்தக் கவுன்டருக்கு வர முடியாதவர்களும் இருந்தார்கள். வடக்குப் பிரதேசத்தில் 1964 வரை பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் சட்டப்படி "வார்டு", அதாவது அரசாங்கத்தின் பாதுகாப்பில் உள்ளவர்கள். அவர்களுக்கு மது விற்பது குற்றம். புகழ்பெற்ற ஓவியர் ஆல்பர்ட் நமத்ஜிராவையே 1958-ல் இந்தச் சட்டத்தில் தண்டித்தார்கள். அவருக்குக் குடியுரிமை இருந்தது, அது இல்லாத உறவினருக்கு மதுவைக் கொடுத்துவிட்டார் என்பது வழக்கு. ஹோட்டல் நடத்துகிற எவரும், சீனராக இருந்தாலும் வெள்ளையராக இருந்தாலும், உரிமம் நிலைக்க வேண்டுமானால் அந்தச் சட்டத்தை முகத்துக்கு நேரே நடத்திக்காட்ட வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் "எல்லோருக்கும் திறந்த கதவு" என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இப்போது உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்: ரூம் சாவி கொடுக்கிற வேலையில் என்ன இருக்கிறது?

பீச் ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் நான் நைட் மேனேஜராக இருந்த காலத்து லாக் புக் ஒன்றின் சில பக்கங்களை எழுதி வைத்திருக்கிறேன். ஒரே இரவு. 11.40: 714-ல் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வாளி வைத்தாயிற்று, அறை மாற்றிக் கொடுத்தாயிற்று. 12.25: வாசலில் குப்பை லாரி சத்தம் என்று மூன்றாம் மாடியிலிருந்து புகார். 1.10: 902-ல் வயதான அம்மா, மூச்சுத் திணறல், 995 கூப்பிட்டு ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது, மகள் மெல்பர்னில், போன் போட்டுச் சொன்னோம். 2.50: விமானம் ரத்தாகி 36 பேர் வந்து நிற்கிறார்கள், குழந்தைகள் ஏழு, சமையலறை மூடியாயிற்று. 3.20: முருகையா அண்ணனை அனுப்பி இருபத்துநாலு மணி நேரக் கடையிலிருந்து எண்பது பரோட்டா. 4.45: ஜோகூரிலிருந்து வரும் காலை ஷிஃப்ட் ஆட்கள் காஸ்வேயில் மாட்டிக்கொண்டார்கள், இரவு ஆட்கள் இருந்து சமாளிக்க வேண்டும்.

முருகையா அண்ணன் எங்கள் பெல் கேப்டன். இரண்டு பெரிய நெகிழிப் பையில் பரோட்டாவும் தனியாகக் குழம்பும் தூக்கிக்கொண்டு அவர் லாபிக்குள் நுழைந்தபோது, அதுவரை என் மேல் கத்திக்கொண்டிருந்த ஒரு மனிதர் சட்டென்று எழுந்து போய் ஒரு பையை வாங்கிக்கொண்டார். பிறகு அவரே எல்லோருக்கும் தட்டு எடுத்துக் கொடுத்தார். காலையில் போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு வேண்டியிருந்தது பதில் சொல்ல ஒரு ஆள். அது கிடைக்காத கோபம்தான் முன்பு கத்தலாக வந்தது.

இந்த லாக் புக்கையும் ஒரு நகர மன்றத்தின் புகார்ப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர், குப்பை, சத்தம், நோயாளி, புதிதாக வந்து நிற்கிறவர்கள், நேரத்துக்கு வராத வேலையாட்கள். டார்வின் மேயரின் மேசைக்கு வருவதும் இவைதான்: சாலை, குப்பை, பூங்கா, நூலகம், மழைக்காலத்து வடிகால். போர், வெளியுறவு எல்லாம் வேறு ஆட்களின் கவலை. இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்து பழகியவரை ஊர் மறப்பதில்லை. லிம் ஹோட்டலை விட்டபிறகும் வியாபாரத்திலும் ஊர்ச் சங்கங்களிலும் இருந்துகொண்டே இருந்தார். தேர்தலுக்கு நின்றபோது வாக்காளர்களுக்கு அவரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்த வருடம் எது என்று கவனியுங்கள்: 1984. அந்த மார்ச்சில்தான் ஜெஃப்ரி பிளெயினி என்ற பிரபல வரலாற்றுப் பேராசிரியர், ஆசியர்களின் குடியேற்றம் ஜனங்கள் ஏற்கிற வேகத்தைவிட அதிகமாகிவிட்டது என்று ஒரு கூட்டத்தில் பேசி, நாடு முழுக்கப் பெரிய விவாதம் கிளம்பியிருந்தது. வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை முழுதாக ஒழிந்தே பத்துப் பதினொரு வருடம்தான் ஆகியிருந்தது. தெற்கே பத்திரிகைகளில் ஆசியர் எத்தனை பேர் வரலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே வருடத்தில், வடக்கே ஒரு தலைநகரத்துக்காரர்கள் ஃபோங் லிம்மைத் தங்கள் லார்டு மேயராக்கினார்கள்.

டார்வினுக்கு இது முழுக்கப் புதிதில்லை. 1966-லேயே ஹாரி சான் என்ற சீன வம்சாவளிக்காரர் அங்கே மேயரானார். 1969-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். டார்வின் நகர மன்றக் கட்டடம் இருக்கிற தெருவுக்கு இன்று அவர் பெயர்தான். அவர் காலத்தில் மேயர் என்ற பதவி மட்டும்; லார்டு மேயர் என்ற பட்டம் பிறகு வந்தது.

மேயராக லிம் செய்தவற்றில் நான் முக்கியமாக நினைப்பது வடக்கே பார்த்தது. டார்வினிலிருந்து சிட்னியைவிட ஜகார்த்தா பக்கம். இந்தோனேசியாவின் அம்போன் நகரத்தோடு டார்வினுக்குச் சகோதர நகர ஒப்பந்தம் 1988-ல் ஆனது. இரண்டாம் உலகப்போரில் டார்வினிலிருந்து அனுப்பிய ஆஸ்திரேலியப் படை அம்போனில் சிக்கிப் பெரும் துன்பப்பட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே பாய்மரப் படகுப் பந்தயமும் நடந்துவந்தது. ஆசியாவைப் பார்த்துப் பயப்படச் சொல்லிக்கொடுத்த நாட்டில், பக்கத்து வீட்டுக்காரராக அதைப் பார்க்க டார்வினுக்குச் சுலபமாக வந்தது. லிம் மாதிரி ஒருவர் மேயர் அங்கி போட்டுக்கொண்டு விருந்தினரை வரவேற்றது அதற்கு நிச்சயம் உதவியிருக்கும்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். லிம் சம்பளத்துக்கு வேலை பார்த்து மேலே வந்த ஆள் இல்லை. குடும்பச் சொத்தாக ஹோட்டல் இருந்தது, அடிலெய்டில் படிக்க வைக்க வசதி இருந்தது, அண்ணன் தம்பி உறவு என்று பின்னால் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. ஒரு சங்கிலி ஹோட்டலில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வாங்குகிற மேனேஜருக்கு அந்த வேர் கிடைக்காது. ஊரோடு ஒட்ட வேண்டுமானால் ஒரே இடத்தில் இருபது வருடம் முகம் காட்டியாக வேண்டும். இப்படி வந்தவர் இவர் ஒருவர் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் டென்வர் நகரத்துக்கு 2003-ல் மேயரான ஜான் ஹிக்கன்லூப்பர், 1986-ல் வேலை போன ஒரு புவியியல் நிபுணர். 1988-ல் பாழடைந்து கிடந்த பகுதியில் பீர் வடித்து உணவோடு விற்கும் கடை போட்டு, அதன் வழியாக ஊருக்கு அறிமுகமானவர். பிறகு மாநில ஆளுநர், செனட்டர் என்று போனார்.

சிங்கப்பூரில் இது நடக்குமா என்பதையும் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். நம் கதை வேறு மாதிரி. சிங்கப்பூர் 1951-ல் அரசப் பிரகடனத்தால் நகரமானது. 1957 டிசம்பரில் நகர மன்றத்துக்கு 32 இடங்களுக்குத் தேர்தல் நடந்து, 13 இடம் பிடித்த மக்கள் செயல் கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். செங்கோலைத் தூக்கிப்போட்டு, பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பெரிய ஆரவாரத்தோடு நடத்தினார். 1959-ல் நகர மன்றமே கலைந்தது. அதன் வேலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே 1957-ல் பினாங்கு ஜார்ஜ் டவுனின் முதல் மேயராக நம் டி. எஸ். ராமநாதன் வந்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அது தனியாக எழுத வேண்டிய கதை. இப்போது சிங்கப்பூரில் மேயர் என்றால் சமூக மேம்பாட்டு மன்றங்களின் மேயர்கள், ஐந்து வட்டாரத்துக்கு ஐந்து பேர். நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்து நியமிக்கிறார்கள். 2025 முதல் தென்கிழக்கு வட்டாரத்தின் மேயர் தினேஷ் வாசு தாஸ். ஹோட்டல்காரர் ஒருவர் அந்த இடத்துக்கு வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் முதலில் நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்தாக வேண்டும். அதற்கு அடித்தளத்தில், குடியிருப்பாளர் குழுவிலோ தொண்டிலோ, பல வருடம் வேலை செய்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்த ஆசை இருந்தால் நாளைக்கே உங்கள் புளோக்கில் போய்ப் பெயர் கொடுங்கள். குறை கேட்கிற கலை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வாரத்தில் ஒரு மாலை நேரம்தான் புதிதாக வேண்டும். ஷிஃப்ட் வேலையில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலெக் ஃபோங் லிம் 1990-ல் காலமானார். அறுபது வயதுகூட ஆகவில்லை. 2008-ல் வடக்குப் பிரதேசச் சட்டமன்றத்தில் புதிதாக ஒரு தொகுதி உருவாக்கியபோது அதற்கு ஃபோங் லிம் என்று பெயர் வைத்தார்கள். 2012-ல் அவர் மகள் கத்ரீனா ஃபோங் லிம் டார்வினின் லார்டு மேயராகி 2017 வரை இருந்தார்.

அப்பாவுக்கு ஒரு நீண்ட வார விடுமுறை ஒத்துவந்தால் டார்வினுக்கு அழைத்துப் போங்கள். ஸ்மித் தெரு, நடைபாதைக் கடைவீதி, கல் கட்டடம். மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் வெயில் தாங்காது. சுவரில் கை வைக்கச் சொல்லுங்கள். 1946-ல் அதை வாங்கியவர்கள் யார், அதற்குச் சற்று முன்பு அவர்கள் சமூகத்திடமிருந்து எதைப் பறித்திருந்தார்கள் என்பதை அங்கே நின்றபடியே அப்பாவுக்குச் சொல்லுங்கள்.